உருளைக்கிழங்கு விடுமுறை

சமையலறை மேஜைதான் தோர்லி வீட்டின் பள்ளிக்கூடம். அங்கே ஷானாவே ஆசிரியை, ஷானாவே தலைமை ஆசிரியை, மத்தியானம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தருகிற ஆயாவும் ஷானாவே. மூத்தவள் மேரன் எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட வெளியாள் என்று ஒருவரும் கிடையாது. அவள் போடுவது எப்போதும் நல்ல மதிப்பெண்தான். கணக்குத் தப்பினால் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வாள், மறுபடியும் தப்பினால் மறுபடியும். ஒருவரும் தோற்காத பள்ளிக்கூடம் என்று சர்ச்சில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

ஆகவே டிசம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மேரன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பயாலஜி ரிசல்ட் வந்துடுச்சு. எஃப்," என்று சொன்னபோது, அடி மகள்மேல் விழுந்ததா தன்மேல் விழுந்ததா என்று ஷானாவுக்கு விளங்கவில்லை.

"எஃப்னா என்ன, ஃபர்ஸ்ட்டா?" என்றான் பதிமூன்று வயது ஆமன்.

"ஃபெயில்டா," என்றாள் மேரன். குரலில் அழுகை இல்லை. அதுதான் ஷானாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மேரனின் அப்பா ஆரின் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். அதட்டத் தெரியாத மனிதர். பெரிய கை, பெரிய தோள், பேச்சு மட்டும் கொஞ்சம். "சரி, விடு கண்ணு. எல்லாருக்கும் எல்லாம் வராது. போய்ப் பாத்தாச்சு, நமக்குச் சரிப்படலை. ஜனவரில போக வேண்டாம். வீட்டுலயே இருந்து அம்மாவுக்கு ஒத்தாசையா பிர்டிக்குப் பாடம் சொல்லிக் குடு."

பிர்டி கடைக்குட்டி, ஏழு வயது. அக்கா இனி வீட்டிலேயே இருப்பாள் என்றதும் கையைத் தட்டினாள். மேரன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. அப்பா கோபித்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் அன்பாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் ஆரின் அன்பாகச் சொல்லிவிட்ட ஒன்றை யாரும் மாற்றியதில்லை.

மேரன் நர்ஸாக வேண்டும் என்று முடிவு செய்து வருஷம் சில ஆகிவிட்டது. ஆமன் குதிரையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட நாளில், மருத்துவமனையில் ஒரு நர்ஸ் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன எலும்பு, எங்கே பிசகியிருக்கிறது, எப்படிச் சேரும் என்று கூட நின்ற இந்தப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்தாள். அன்று பிடித்த பைத்தியம். டவுனில் இருக்கிற சமுதாயக் கல்லூரியில் நர்சிங் படிப்பு உண்டு. அதற்குள் நுழைய இந்த பயாலஜி தேறியாக வேண்டும். ஜனவரியில் கல்லூரி இல்லை என்றால் பயாலஜி இல்லை, பயாலஜி இல்லை என்றால் நர்சிங்கும் இல்லை. எல்லாம் ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிந்துபோயிற்று.

ஷானா அன்று பாத்திரம் கழுவிய சத்தம் தொழுவம் வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயம்: எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. திருத்திக் கொடுத்த பரீட்சைத் தாள்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று ஏழு. அப்படி எழுதுகிற பெண்ணுக்கு எஃப் போட எவனுக்குக் கை வரும்?

"நாளைக்குக் காலேஜுக்குப் போறோம்," என்றாள்.

"வேண்டாம்மா," என்றாள் மேரன், தட்டைத் துடைத்துக்கொண்டே.

"ஏன் வேண்டாம்? யாரோட மார்க்கையோ உனக்குப் போட்டுத் தொலைச்சிருக்காங்க."

"என் மார்க்தாம்மா அது."

"நீ சும்மா இரு. இப்படி வாயில்லாப் பூச்சியா இருந்தா உலகம் உன்னை மிதிச்சுட்டுப் போயிடும்."

மேரன் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பதற்குக் காரணம் ஒன்று இருக்கும் என்று ஷானாவுக்குத் தோன்றவேயில்லை. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். மகள் முகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்று அவள் எண்ணம்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பதினாறு வயதானதும் கல்லூரியில் ஒரு பாடம் எடுப்பது அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் அந்தக் கிழக்குப் பக்கத்தில் வழக்கம்தான். பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். ஆகஸ்டில் மேரனும் பக்கத்துப் பண்ணைச் சாலையில் இருக்கிற ஹைரமும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஹைரமும் வீட்டுப் படிப்புக்காரன்தான், ஆனால் அவன் அப்பாவுக்கு நிலம் இல்லை, வீடு வீடாக எரிவாயு கொண்டுபோய்க் கொடுக்கிற லாரி. செவ்வாயும் வியாழனும் ஹைரம் தன் ஓட்டை வண்டியில் வந்து ஹாரன் அடிப்பான். மேரன் மதிய உணவு டப்பாவுடன் ஓடுவாள். முதல் நாள் திரும்பி வந்தவள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த வெங்காயத் தோலைப் பற்றி அப்படிப் பேசினாள், ஆமன் போய் ஒரு வெங்காயத்தை எடுத்து வெறுங்கண்ணால் முறைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு செப்டம்பர் முடிகிற நேரம் வந்தது. கிழங்கு தோண்டுகிற நேரம்.

அந்த வட்டாரத்தில் கிழங்கு தோண்டத் தொடங்கினால் ஊர்ப் பள்ளிக்கூடங்களே கதவைச் சாத்திவிடும். 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்று அதற்குப் பெயர், காலண்டரிலேயே போட்டிருக்கும். உறைபனி மண்ணுக்குள் இறங்கும் முன் கிழங்கு கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தச் சமயத்தில் கை காலுள்ள யாரும் சும்மா இருக்கக் கூடாது. தோர்லி வீட்டுப் பள்ளிக்கும் விடுமுறைதான். புத்தகங்களையெல்லாம் பியானோ பெஞ்சுக்குள் போட்டு மூடிவிட்டு ஷானா லாரி ஓட்டப் போய்விடுவாள். மேரன் கிடங்கு வாசலில் கிழங்கைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நின்று மண்ணாங்கட்டியையும் கல்லையும் பொறுக்குவாள். ஆசிரியை லாரியில், மாணவி பெல்ட்டில். இதில் யார் யாரிடம் லீவு கேட்பது?

"அம்மா, செவ்வாக்கிழமை எனக்குப் பிராக்டிகல் இருக்கு," என்று முதல் வாரமே மேரன் லாரி ஜன்னலுக்குக் கீழே நின்று சொல்லியிருந்தாள்.

"படிப்பு எங்க ஓடிப்போகுது? காத்துக்கிட்டு இருக்கும். கிழங்கு காத்திருக்காது," என்று ஷானா கியரைப் போட்டாள். அந்த வாக்கியத்தை ஒவ்வொரு வருஷமும் அவள் சொல்வாள், ஒவ்வொரு வருஷமும் அது உண்மையாகவும் இருந்தது. பியானோ பெஞ்சைத் திறந்தால் படிப்பு விட்ட பக்கத்தில் அப்படியே காத்திருக்கும். கிழங்கு விளைகிற நாட்டில் நடக்கிற கல்லூரிக்கு இது தெரியாதா என்ன?

மூன்று வாரம் கழித்து கடைசி லாரியும் கிடங்குக்குள் போனபின் மேரன் திரும்பவும் ஹைரமின் வண்டியில் ஏறினாள். விட்டுப்போன பாடங்களை இரவுபகலாகப் படித்துப் பிடித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அந்தத் தொண்ணூற்று நாலும் தொண்ணூற்று ஏழும். அந்த மூன்று வாரம் என்ன ஆயிற்று என்று ஷானா ஒரு முறைகூடக் கேட்கவில்லை. விட்டதைப் பிடித்தாயிற்று, அவ்வளவுதானே.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தின் கவுண்டரில் போய் ஷானா கையை ஊன்றி நின்றாள். சர்ச்சுக்குப் போகிற நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். மேரன் இரண்டடி தள்ளி, சுவரில் ஒட்டியிருந்த எதையோ படிப்பது போல நின்றாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான்.

"மன்னிக்கணும் மேடம். உங்க பொண்ணோட மார்க்கைப் பத்தி நான் உங்ககிட்ட பேச முடியாது."

"பேச முடியாதா? நான் அவளோட அம்மா!"

"தெரியுது மேடம். ஆனா இங்க அவங்க காலேஜ் ஸ்டூடண்ட். வயசு பதினாறா இருந்தாலும் சரி, அறுபதா இருந்தாலும் சரி. அவங்க சரின்னு சொல்லாம வேற யாருக்கும் சொல்லக் கூடாது."

"வேற யாரா? தம்பி, நான் அவளோட ஸ்கூல் பிரின்சிபல்!"

பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். ஷானாவின் கழுத்து சிவந்தது. பன்னிரண்டு பக்கம் பெருக்கல் கணக்குப் போடவைத்து, பால்பல் முளைத்ததிலிருந்து பல் துலக்கவைத்து, இந்தப் பெண்ணின் தலைக்குள் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் தன் கையால் எடுத்து வைத்தவள், இங்கே 'வேற யாரோ'.

மேரன் கிட்டே வந்தாள். "பரவாயில்லைங்க," என்றாள் இளைஞனிடம். "அம்மாவுக்குத் தெரியட்டும்." பிறகு தாயிடம் மெதுவாக, "மிசஸ் வால்டெஸ் அவங்க ரூம்ல இருப்பாங்க. வா, அவங்ககிட்டயே கேட்டுக்கோ," என்றாள். வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. ஷானா மகளின் பின்னால் நடந்தாள்.

இர்மா வால்டெஸின் அறை சின்னது. மூலையில் நிற்கிற பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் தலையில் யாரோ சிவப்புக் கம்பளித் தொப்பி மாட்டியிருந்தார்கள். அவள் எழுந்து கை கொடுத்தாள், முதலில் மேரனுக்கு, பிறகு ஷானாவுக்கு.

"உக்காருங்க மிஸ் தோர்லி. உங்க அம்மாவா? அம்மா முன்னாடி பேசலாமா?"

"பேசலாம்," என்றாள் மேரன்.

ஷானா உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "தொண்ணூத்தேழு வாங்கின பொண்ணு எப்படிம்மா ஃபெயில் ஆவா? எந்த ஊர் கணக்கு இது?"

வால்டெஸ் கோபப்படவில்லை. "பரீட்சைல குறையே இல்ல. இந்த வருஷம் என் வகுப்புல இவங்களவிட நல்லா எழுதினவங்க யாரும் இல்ல. ஆனா இது பிராக்டிகல் பாடம் மிசஸ் தோர்லி. மூணு பிராக்டிகல் வராம இருந்தா தேற முடியாது. முதல் நாளே சொல்லிட்டேன், எழுதியும் குடுத்திருக்கேன். செப்டம்பர் கடைசியிலயும் அக்டோபர்லயும் மூணு வாரம் இவங்க வரலை. வரமாட்டேன்னு ஒரு வார்த்தை தகவலும் இல்ல."

"அது கிழங்கு எடுக்கற நேரம்," என்றாள் ஷானா. 

"தெரியும். எங்க அப்பா அம்மா இந்த ஊருக்கு வந்ததே கிழங்கு பொறுக்கத்தான். சீசன் வந்தா அக்கா, தம்பி, நான், யாரும் ஸ்கூலுக்குப் போக மாட்டோம். நாலாம் கிளாஸை நான் ரெண்டு தடவை படிச்சேன்." வால்டெஸ் ஷானாவை நேராகப் பார்த்தாள். "அதனால எனக்குப் புரியலைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. நல்லாவே புரியுது. நாளைக்கு இவங்க ஒரு நோயாளி கையைப் பிடிக்கப் போறவங்க. கையால செய்ய வேண்டியதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா போதும்னு நான் எப்படி விட முடியும்?"

 ஷானா மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது எப்போ தெரியும்?"

"திரும்பி வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க," என்றாள் மேரன்.

"அக்டோபர்லயேவா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு ரெண்டு மாசம் போனே? தேற முடியாதுன்னு தெரிஞ்சே போனியா?"

"படிக்கணும்னு இருந்துச்சும்மா. அடுத்து இதயம் வந்துச்சு, அப்புறம் நுரையீரல். அதெல்லாம் விட்டுட்டு எப்படி இருக்கறது?"

வால்டெஸ் மேஜையின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டாள். "அப்பவே பாடத்தை விட்டு விலகியிருந்தா எஃப் வந்திருக்காது. விலகிட்டாங்கன்னு மட்டும் இருந்திருக்கும், அது ஒரு கறையே இல்ல. நான் அதையும் சொன்னேன். வயசு குறைவுங்கறதால வீட்டுல ஒரு கையெழுத்து வேணும்னு கொடுத்து அனுப்பினேன். அது திரும்பி வரவே இல்ல."

அப்போதுதான் ஷானாவுக்கு ஞாபகம் வந்தது. ஆப்பிள் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த நாள். அடுப்பில் இரண்டு பெரிய பாத்திரம், ஜன்னலெல்லாம் ஆவி. மேரன் வந்து பக்கத்தில் நின்று, "அம்மா, பயாலஜியை விட்டுடலாமா? ஒரு கையெழுத்துப் போட்டுத் தர்றியா?" என்றாள். ஷானா கரண்டியை நிறுத்தாமலே நீளமாக ஒரு பிரசங்கம் செய்தாள். இந்த வீட்டுல எதையும் பாதியில விடற பழக்கம் கிடையாது, கஷ்டமா இருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் உக்காந்து படி, ஓடிப்போறவளையா நான் வளத்தேன்? ஆரின் அப்போது பூட்ஸைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே இருந்தார். மேரன் கொஞ்ச நேரம் நின்றாள். ஏன் விட வேண்டும் என்று ஷானா கேட்கவில்லை. பிறகு மேரன் போய்விட்டாள்.

அது இத்தனை நாளாகத் தன் நல்ல ஆசிரியைத்தனத்துக்கு ஒரு சாட்சியாக ஷானாவின் மனதில் இருந்தது. கோராலீயிடம்கூடச் சொல்லியிருந்தாள். கோராலீ ஆரினின் தங்கை, ஊர்ப் பள்ளியில் டீச்சர். குடும்பம் கூடுகிற ஒவ்வொரு நன்றிப் பண்டிகைக்கும் வான்கோழியை வெட்டிக்கொண்டே, "வீட்டுலயே படிச்ச இதுங்க வெளியுலகத்துக்குப் போனா என்ன பண்ணும் ஷானா?" என்று கேட்கிறவள்.

"இன்னும் ஒரு வழி இருக்கு," என்றாள் வால்டெஸ். "வயசு குறைஞ்ச பிள்ளை, வீட்டுல நிறுத்தினதால வர முடியலைன்னு பெரியவங்க ஒருத்தர் வந்து சொன்னா, டீன் அதை ஏத்துக்குவாரு. எஃப்பை எடுத்துட்டு விலகினதா மாத்திக் குடுப்பாரு. நானும் கூட வந்து சொல்றேன். மிசஸ் தோர்லி, நீங்க இவங்களை வகுப்புக்குப் போக வேண்டாம்னு நிறுத்தினீங்களா?"

கேள்வி எளிமையானது. பதிலும் எளிமையானது. ஆமாம் என்று ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லை வெளியே தள்ள ஷானாவால் முடியவில்லை. டீன் என்கிற ஒரு முன்பின் தெரியாத மனிதர் முன்னால், வேலைக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தியவள் என்று நிற்க வேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு பேர் அதே மேஜையில் படிக்கிறார்கள். கோராலீக்கு எட்டாமல் இருக்குமா? யாராவது ஒருவர் வந்து இந்தப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்து, இதுவா பள்ளிக்கூடம் என்று கேட்டால்? எதுவும் நடக்காது என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது மேரன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஷானா தாங்கியிருப்பாள். கூட்டத்துக்கு நடுவில் பிர்டிக்குப் பேச வராமல் போனால் மேரன் அவளைப் பார்ப்பாளே, அந்த மாதிரி பார்த்தாள்.

"அம்மா நிறுத்தலை," என்றாள் மேரன், வால்டெஸிடம். "நானாத்தான் வரலை."

வால்டெஸ் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மிஸ் தோர்லி, நீங்க அப்படிச் சொன்னா எஃப் அப்படியே நின்னுடும். புரியுதில்ல?"

"நிக்கட்டும். செய்யாத பிராக்டிகல் செய்யாததுதானே. ஜனவரில மறுபடி எடுக்க இடம் இருக்கா?"

"இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுத்துடணும். உங்களுக்காக நான் ஒரு இடம் பிடிச்சு வைக்கிறேன்."

"இல்ல, நான்..." என்று ஷானா வாயைத் திறந்தாள்.

"போதும்மா," என்றாள் மேரன். "வா, போகலாம்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. வழுக்காமலிருக்க உப்புத் தூவிய பனி காலடியில் நொறுங்கியது. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஷானா சாவியை எடுத்தாள், மறுபடி பைக்குள்ளேயே போட்டாள்.

"நான் சொல்லியிருப்பேன்டி," என்றாள். "சொல்லத்தான் போனேன். நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"பொறுத்துதாம்மா இருந்தேன்," என்றாள் மேரன். "லாரிகிட்ட நின்னேன். ஆப்பிள் காய்ச்சும்போது நின்னேன். இப்போ உள்ளயும் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஷானாவுக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கு அடுப்பங்கரைல விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா? மூணு பிராக்டிகல் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அப்பா அங்கேயே இருந்தாரே. 'அம்மாதான் போக வேண்டாம்னா, அதனாலதான் இப்படி ஆச்சு'ன்னு அவர் முன்னாடி நான் எப்படிச் சொல்றது? நீ சொன்னது தப்புன்னு அந்த வீட்டுல யாரும் சொன்னதில்லையேம்மா." மேரன் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா குளிரா தெரியவில்லை. "நேத்து அப்பா சொன்னப்போ நீ எதாவது சொல்லுவேன்னு நினைச்சேன். 'மூணு வாரம் நம்ம கூட நின்னாளே, அதனால இருக்குமோ'ன்னு. நீ காலேஜைத்தான் திட்டினே. எஃப் எனக்குப் பெரிசில்ல, அதை நான் மறுபடி படிச்சுச் சரி பண்ணிக்குவேன். எனக்குப் படிப்பு வராதுன்னு அப்பா நினைச்சுக்கிட்டு இருக்காரே, அதை என்ன பண்றது? அவர் போகாதேன்னு சொன்னப்புறம் நான் வெள்ளிக்கிழமை எப்படிப் பேர் குடுக்கறது?"

அவ்வளவு நீளமாக மேரன் பேசி ஷானா கேட்டதில்லை. பேச இடம் கொடுத்ததில்லை என்பதுதான் சரி. அவள் மறுபடி உள்ளே போய் வால்டெஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க வேண்டாம்மா," என்றாள் மேரன். "அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. அப்பாவுக்குத்தான் தெரியாது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் வெறும் நிலம். தோண்டி முடித்த வரிசைகளின்மேல் பனி படிந்து கிடந்தது.  ஆரினிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஷானா மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். தெரியாம நடந்துபோச்சு என்று ஆரம்பித்தாள். காலேஜ்காரங்க முன்னாடியே போன் பண்ணியிருக்கணும் என்று ஒன்று. உங்களுக்கும்தான் அப்போ ஆள் தேவைப்பட்டுச்சு என்று ஒன்று. எல்லாம் சப்பைக்கட்டு. பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் கோடு போட்டு அடித்திருப்பாள்.

அன்று மாலை மேஜையில் மாட்டிறைச்சியும் மசித்த கிழங்கும் இருந்தன, கோடையில் புட்டியில் போட்டு வைத்த பீச் பழமும் இருந்தது. ஷானா பாத்திரங்களை வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஆரின் தலையைக் குனிந்து கைகளைக் கட்டிக்கொண்டார், ஜெபம் சொல்வதற்காக. பிள்ளைகளும் குனிந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஷானா. "ஜெபத்துக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

ஆரின் நிமிர்ந்தார். அந்த வீட்டில் ஜெபத்தை யாரும் நிறுத்தியதில்லை.

"மேரன் ஃபெயிலானதுக்குக் காரணம் அவ இல்ல, நான். கிழங்கு எடுக்கறப்போ வகுப்புக்குப் போக வேண்டாம்னு நான்தான் சொன்னேன். பிராக்டிகல் இருக்குன்னு அவ சொன்னா, படிப்பு காத்துக்கிட்டு இருக்கும்னு சொன்னேன். அது காத்துக்கிட்டு இருக்கல. மூணு பிராக்டிகல் போயிடுச்சு, அதோட எல்லாம் முடிஞ்சுது. பாடத்தை விட்டுடறேன், கையெழுத்துப் போடுன்னு கேட்டா. ஏன்னுகூடக் கேக்காம நான் பிரசங்கம் பண்ணி அனுப்பினேன். நீங்க அப்போ வாசல்ல இருந்தீங்க, கேட்டிருப்பீங்க. தேற மாட்டோம்னு தெரிஞ்சும் இவ கடைசி வரைக்கும் போனா. அந்த வகுப்புலயே இவளவிட நல்லா எழுதினவங்க இல்லைன்னு அந்த அம்மா சொன்னாங்க." ஷானா மேரனைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "இன்னிக்கு அங்க, நீங்க நிறுத்தினீங்களான்னு என்னை நேரா கேட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. என் பொண்ணு என்னைக் காப்பாத்தினா."

 மேரன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து நின்றது, துடைக்கவில்லை.

பிர்டிதான் முதலில் கேட்டாள். "அப்போ எஃப் அம்மாவுக்கா?"

ஆமன் மேஜைக்கடியில் அவளை உதைத்தான். "ஆ!" என்றாள் பிர்டி.

"அவளை உதைக்காதே," என்றாள் ஷானா. "ஆமா பிர்டி. எனக்குத்தான்."

சொல்லிவிட்டு, தன் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இனி இந்த மேஜையில் அவள் சொல்கிற எதையும் அவர்கள் பழையபடி கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆரின் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கிழங்கு மண் டிசம்பர் வரைக்கும் போகாது. "பெல்ட்டுக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டது நான்தான்," என்றார். "அவளுக்கு வகுப்பு இருக்கான்னு எனக்குக் கேக்கத் தோணலை." பிறகு, தனக்குத் தெரியாத எதற்கும் செய்கிறபடியே மனைவி பக்கம் திரும்பினார். "ஜனவரி வகுப்புக்கு என்ன பண்றது ஷானா?"

ஷானாவுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் வண்டியில், என்ன சாப்பாடு என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றாள். "அவளைக் கேளுங்க."

ஆரின் மகளைப் பார்த்தார். அவளிடம் ஒன்றைக் கேட்டு அதன்படி நடப்பது அவருக்குப் புதிது. "என்ன பண்ணலாம் கண்ணு?"

"போறேன்பா," என்றாள் மேரன். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செப்டம்பர்லயும் போவேன். கிழங்கு எடுக்கறப்பவும்."

"சரி," என்றார் ஆரின்.

மறுபடியும் எல்லாரும் தலை குனிந்தார்கள். ஆரின் ஜெபத்தைத் தொடங்க வாயெடுத்தார். முதல் வார்த்தை வர நேரமாயிற்று.